நிறந்தின்னிக்கு ஊற்றிய வெல்லம்

தெய்வசிகாமணிக்கு அந்த டாக்டரம்மாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்றாலாவது நாலு பேருக்கு உபயோகம். இது கிருமி வளர்க்கிற டாக்டர். பெயர் ரூபகலா. எப்போதாவது கோயமுத்தூரிலிருந்து காரில் வந்து இறங்குவாள், மூக்கைச் சுளிப்பாள், தொட்டித் தண்ணீரைக் குப்பியில் மொண்டுகொள்வாள், வந்த வழியே போய்விடுவாள். செம்மேட்டுப்பாளையம் சாயக்கழிவு பிளாண்டுக்குப் பாதி ஆயுசைக் கொடுத்த பொறுப்பாளரான அவரை, வயசுக்குக்கூட மரியாதை இல்லாமல் "மிஸ்டர்" என்று கூப்பிடுவாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் கொண்டுவந்து விட்ட கிருமி மட்டும் வேலை செய்தது. ஆய்வகத்தில் மரபணுவை வெட்டி ஒட்டிப் புதிதாக உண்டாக்கிய கிருமி. அவள் கம்பெனிக்காரர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். பிளாண்டில் எல்லோருக்கும் அது நிறந்தின்னி. அதற்கு முன்னால் செம்மேட்டு வாய்க்கால் ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் கருநீலமாக ஓடும். வெளிநாட்டில் அந்த வருஷம் எந்த நிறப் பனியனுக்குக் கிராக்கி என்று வாய்க்காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். நிறந்தின்னியைத் தொட்டியில் விட்ட பிறகு தண்ணீர் வெளுத்தது. வெளுத்து, தெளிந்து, கடைசியில் அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது.

அந்தத் தெளிவில் தெய்வசிகாமணிக்குக் கிடைத்தது சாயப்பட்டறைச் சங்கத்தார் போட்ட பொன்னாடை அல்ல. அக்கா திரும்பக் கிடைத்தாள்.

தாய் தகப்பன் இல்லாத அவரைத் தூக்கி வளர்த்தவள் மயிலாத்தாள். அவள் தென்னந்தோப்பு சாயத்தண்ணீரில் மொத்தமாகக் கருகிய வருஷம், தம்பி வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவள்தான். அதற்கப்புறம் பேச்சில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. எதிரே பார்த்தால் சேலைத் தலைப்பை இழுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு போவாள். தண்ணீர் தெளிந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் பிளாண்ட் கேட்டில் தூக்குப்போசியோடு வந்து நின்றாள்.

"அரிசிம்பருப்பு ஆக்கியாந்தேன். வாய்க்காத் தண்ணியிலதான் ஆக்குனேன். தின்னு பாரு," என்றாள்.

தெய்வசிகாமணி தின்றார். போசியில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கிருமி அவருக்குக் கிருமியாகப் படவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் தொட்டிச் சுவரில் சூடம் ஏற்றினார். மேற்கே இருந்து வெல்லம் வரவழைத்து, கொப்பரையில் காய்ச்சி, சாணிக் கரைசலோடு கலந்து டிரம் டிரம்மாக ஊற்றினார். இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. அந்தப் பக்கத்தில் கழிவுத் தொட்டி வைத்திருக்கிற எவனும் செய்கிற காரியம்தான். கிருமிக்குத் தெம்பு வேண்டாமா? வெல்லம் ஊற்ற ஊற்றத் தண்ணீர் இன்னும் சீக்கிரமாகத் தெளிந்தது. அவர் இன்னும் ஊற்றினார்.

ஆடி மாசம் பாதியில் டாக்டரம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். இந்தத் தடவை மூக்கைச் சுளிக்கவில்லை. நேராகத் தொட்டிக்கு ஏறி, வெல்ல டிரம்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"யார் இதை ஊத்தச் சொன்னது?"

"யாருஞ் சொல்லலீங்க. பசிக்கிற சீவனுக்குச் சோறு போட யாரைக் கேக்கோணும்?"

"வேற எதையும் போடாதீங்கன்னு சொல்லித்தானே குடுத்தேன், மிஸ்டர்?"

"சொன்னீங்க. ஏன்னு சொல்லலீங்களே."

அவள் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வெயிலில் தூக்கிக் காட்டினாள். உள்ளே தண்ணீர் பளிங்காக இருந்தது.

"உங்க வாய்க்கால் தண்ணி. பழைய சிவப்புத் தண்ணியை விட இது மோசம். இதுல விஷம் இருக்கு."

தெய்வசிகாமணி சிரித்துவிட்டார். வயிற்றெரிச்சல் பிடித்தவள், பேர் அவருக்குப் போய்விட்டது என்று புகைகிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. "கலரே இல்லாத தண்ணியில விஷமுங்களா? எங்க ஊரு சனத்துக்கிட்டச் சொல்லிப் பாருங்க, கல்லெடுத்து அடிப்பாங்க."

"சிரிக்காம கேளுங்க." அவள் முகத்திலும் எரிச்சல்தான். "ஒரு கிருமி ரெண்டாகணும்னா முதல்ல தன் டி.என்.ஏ.வை நகல் எடுக்கணும். அது வளையல் மாதிரி வட்டமா இருக்கும். அந்த வட்டத்துல ஒரே ஒரு இடத்துலதான் நகல் ஆரம்பிக்கும். அங்கிருந்து ரெண்டு திசையிலயும் நகல் எடுத்துக்கிட்டே போகும். நேர் எதிர்ப்பக்கத்துல ரெண்டும் வந்து சந்திச்சா ஒரு நகல் முடிஞ்சுது."

"முடியட்டுங்க. அதுக்கென்ன இப்ப?"

"ஒரு சுத்து முடிய முக்கால் மணி நேரம் ஆகும். நீங்க என்ன ஊத்தினாலும் அது பெரிசா குறையாது. ஆனா வெல்லத்தைத் தின்ன கிருமி இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டாகுது. நகல் முடியாம எப்படி ரெண்டாக முடியும்?"

"உங்க கிருமிதானே. உங்களுக்குத்தான் தெரியோணும்."

"முதல் நகல் முடியறதுக்கு முன்னாடியே அடுத்த நகலை ஆரம்பிச்சுடும். அது முடியறதுக்குள்ள அதுக்கடுத்தது. பிறக்கிற கிருமிக்குள்ளயே அதோட பேரப்பிள்ளைக்கான நகல் ஓடிக்கிட்டு இருக்கும். கல்யாணப் பந்தி பார்த்திருக்கீங்க இல்லையா? உப்புல ஆரம்பிச்சு மோர்ல முடியும். முதல் பந்தி மோருக்கு வரதுக்குள்ள அவசரப்பட்டு அடுத்த பந்திக்கு இலை போட்டு, அதுக்குள்ள மூணாவது பந்திக்கும் போட்டா என்ன ஆகும்? மண்டபத்துல உப்பு வச்ச இலை எங்க பார்த்தாலும் இருக்கும். மோர் வாங்கின இலை கொஞ்சம்தான் இருக்கும்."

தெய்வசிகாமணிக்கு அது புரிந்தது. புரிந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

"சாயத்தை வெட்டுற மரபணு ஆரம்ப இடத்துக்குப் பக்கத்துல இருக்கு," என்றாள் அவள். "வெட்டினா நிறம் போயிடும். ஆனா வெட்டுப்பட்ட துண்டு விஷம். அதைச் செரிக்கிற மரபணு எதிர்க்கோடியில இருக்கு. பட்டினியா வளர்ற கிருமியில ரெண்டும் சரிக்குச் சரி. உங்க கிருமியில வெட்டுறது நாலுன்னா செரிக்கிறது ஒண்ணு. சாயம் முழுக்க வெட்டுப்படுது, விஷம் அப்படியே வாய்க்கால்ல போகுது."

"அதை அந்தக் கோடியில கொண்டுபோயி வச்சது யாருங்க?"

அவள் குப்பியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "நான்தான். பக்கத்துல பக்கத்துல வச்சப்ப கிருமி பிழைக்கல. தள்ளி வச்சேன், பிழைச்சுது. ஆய்வகத்துல அரைவயிறு போட்டுத்தான் சோதிச்சோம். சாக்கடைத் தண்ணியில அதுக்கு யார் விருந்து வைக்கப் போறாங்கன்னு நினைச்சேன்."

"இந்தப் பக்கத்துல வெல்லம் ஊத்தாத தொட்டி ஒண்ணு காட்டுங்க பார்க்கலாம். ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க எம்மூஞ்சியப் பார்த்துப் பேசுறதே இன்னைக்குத்தானுங்க." தெய்வசிகாமணியின் குரல் ஏறியது. "சரி, விஷம்தான்னு வச்சுக்குவோம். வாங்க, சங்கத்துல வந்து சொல்லுங்க."

"அது முடியாது. கம்பெனி வக்கீல் சம்மதிக்காம நான் வெளியில எதுவும் பேசக் கூடாது. நீங்க வெல்லத்தை நிறுத்துங்க. சில நாள்ல கிருமி அடங்கிடும். தண்ணியில கொஞ்சம் சிவப்பு திரும்பும். சிவப்பு வந்தா நல்லதுன்னு வச்சுக்கங்க."

"போயிட்டு வாங்க," என்றார் தெய்வசிகாமணி. அந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லை எந்தக் குரலில் சொன்னால் வசவு என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். விறுவிறுவென்று இறங்கினாள். அவள் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் அவர் வேண்டுமென்றே இன்னொரு டிரம் வெல்லத்தைத் தொட்டியில் கவிழ்த்தார். வீம்பு. அவ்வளவு வயசான மனுஷன் செய்கிற காரியமா அது? ஆனால் செய்தார்.

மறுநாள் காலையில் அக்கா வீட்டிலிருந்து போன் வந்தது. கன்றுக்குட்டி செத்துவிட்டது.

அவர் போனபோது மாட்டு டாக்டர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். இளவயசுக்காரர், முகம் குழம்பிப் போயிருந்தது. "என்னன்னு பிடிபடலீங்க. ஈறெல்லாம் நீலம் பூத்துக் கிடந்துச்சு. ரத்தம் எடுத்தா சிவப்பா இல்ல, காப்பி டிகாஷன் மாதிரி வருது. ஏதோ ரசாயனம் உள்ள போயிருக்கோணும். மருந்தடிச்ச காட்டுல மேய விட்டீங்களான்னு கேட்டேன், இல்லைங்கறாங்க," என்றார்.

தெய்வசிகாமணி மாட்டுத்தொட்டியை எட்டிப் பார்த்தார். வாய்க்கால் தண்ணீர் தெள்ளத்தெளிவாக நின்றது. அடியில் பாசி படர்ந்திருந்தது, அதுகூடத் தெரிந்தது.

மயிலாத்தாள் அழுது முடித்திருந்தாள். தம்பிக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கும்போது அவள் விரல்கள் கண்ணில் பட்டன. நகங்கள் நாவற்பழம் தின்றவள் நகம்போல் இருந்தன. உதட்டிலும் அதே நிறம் ஓடியிருந்தது.

"அக்கா, இது என்ன நகத்துல?"

"வயசாச்சில்ல. ரெண்டு நாளா மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. காப்பியக் குடி, ஆறுது."

"இது எந்தத் தண்ணி?"

"நம்ம வாய்க்காத் தண்ணிதான். போர்த் தண்ணி உப்பு. இனி எவன் அதைக் குடிப்பான்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சொன்னார். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவருக்குத் தெரிந்த பாஷையில் சொன்னார். வெல்லம் ஊற்றியது தான்தான் என்பதையும் மறைக்கவில்லை. அக்கா முகம் மெல்ல மெல்லப் பழைய முகமாக மாறியது, வாசலில் மண்ணை வாரித் தூற்றிய அன்றைக்கு இருந்த முகம்.

"அப்ப செவப்பா ஓடுச்சு. என்ற தோப்பு கருகுச்சு. தண்ணியில ஒண்ணும் இல்லைன்னு அன்னைக்கு சத்தியம் பண்ணுனியே, நெனப்பிருக்குதா?" என்றாள். "இப்பக் கண்ணாடியாட்ட ஓடுது. இன்னைக்கு விஷங்கற. உன்ற பேச்சை எந்த நாள்லடா நான் நம்போணும்?"

அன்றைக்கு அவர் செய்த சத்தியம் பொய்தான். அந்தப் பொய்க்கு இப்போது கூலி வந்து நிற்கிறது.

"உள்ளதச் சொல்லு. எவனோ பெரிய மனுசன் தண்ணிய வித்துப்போட்டான். சனம் இதைத் தொடக் கூடாதுன்னு உன்னை ஏவி உட்டிருக்கான். இனி இந்தப் பேச்சை எடுத்தீன்னா எம்வாசலை மிதிக்காத," என்று முடித்துவிட்டாள்.

அவர் நேராகச் சங்கத்துக்குப் போனார். தலைவர் சென்னியப்பன் ஏ.சி. அறையில், நாளை மறுநாள் வரப்போகிற ஆடிப் பதினெட்டுக்குப் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த வாய்க்காலில் பெண்கள் குடத்தோடு இறங்கி ஆடிப்பெருக்குக் கும்பிட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இந்த வருஷம் கும்பிட்டுத் தீர்த்தமும் குடிக்கப் போகிறார்கள். அமைச்சர் வருகிறார். வெளிநாட்டு வியாபாரிகள் படம் பிடிக்க வருகிறார்கள்.

தெய்வசிகாமணி சொல்லச் சொல்லச் சென்னியப்பன் முகம் இறுகியது. பந்தல்காரரை வெளியே அனுப்பினார்.

"அந்தப் பொம்பளை எழுதிக் குடுத்தாளா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னத்தைக் கொண்டாந்து இங்க கொட்டற? வெல்லத்தை நிறுத்தினா கலர் வரும், அதுதானே? நாளன்னைக்குக் கலர் வந்துச்சுன்னா இந்த ஊரு பட்டறை அத்தனையும் மூடோணும். எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்னு நெனச்சுப் பார்த்தியா?"

"மதகையாவது அடையுங்க. பண்டிகை முடியட்டும்."

"அடைச்சா? பட்டறைத் தண்ணி வந்துக்கிட்டேதான் இருக்கும். தொட்டி ரொம்பி அதே வாய்க்கால்லதான் வழியும். இத்தனை வருசம் குப்பை கொட்டின, இதுகூடவா தெரியல?" சென்னியப்பன் எழுந்தார். "நீ வீட்டுக்குப் போ. பண்டிகை முடியிற வரைக்கும் பிளாண்ட் பக்கம் தலைகாட்டாத. வெல்லத்தை வேற ஆளு ஊத்துவான்."

சாவியை வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். தெய்வசிகாமணி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். எடுத்தாள். அவர் கன்றுக்குட்டியின் ரத்தத்தையும் அக்காவின் நகத்தையும் பற்றிச் சொன்னார். "உங்க அக்காவை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்தத் தண்ணியை விட்டா பிழைச்சுக்குவாங்க. விடலைன்னா எனக்குத் தெரியாது," என்றாள்.

"நாளன்னைக்கு ஊரே அதைக் குடிக்கப் போகுது. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் இப்ப உங்ககிட்டப் பேசினதே தப்பு," என்று வைத்துவிட்டாள். தெய்வசிகாமணி அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டி முடித்ததும், அவளைத் திட்டத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. எதிர்க்கோடியில் வைத்தது அவள் என்றால், பந்திக்கு மேல் பந்தியாக இலை போட்டது யார்?

ஆடிப் பதினெட்டு நல்ல வெயிலோடு விடிந்தது. வாய்க்கால் இரண்டு கரையும் சேலையும் பூவுமாக நிரம்பியிருந்தது. பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று காதோலை கருகமணியை விட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் தண்ணீரை வாரி இறைத்து விளையாடின. சாமி கும்பிட்டு முடித்து, உச்சிப் பொழுதுக்குப் பொங்கல் வைக்கும்போதுதான் எல்லோரும் தீர்த்தம் குடிப்பது என்று ஏற்பாடு. மேடையில் மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

தெய்வசிகாமணி மேலே, வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் தன் பழைய வேனை நிறுத்தினார். பின்னால் மச்சினன் பட்டறையிலிருந்து தூக்கிவந்த சிவப்புச் சாயப்பொடி மூட்டைகள் இருந்தன. அவன் எதற்கு என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாதி ஆயுசு தண்ணீரிலிருந்து சாயத்தை எடுக்கிற வேலையில் போனது. இப்போது போடுகிற வேலை. இதுவும் விஷம்தான், அவருக்குத் தெரியாதா? ஆனால் இது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிற விஷம். மாடுகூட மோந்து பார்த்து விலகிப் போகும்.

மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக் கவிழ்த்தார். வாய்க்கால் நிதானமாகச் சிவந்தது. சிவந்து, வளைவு திரும்பி, பெண்கள் நின்ற துறையை நோக்கிப் போனது.

முதலில் யாரோ ஒருத்தி பாவாடையைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள். அப்புறம் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு ஏறினார்கள். பிள்ளைகளை இழுத்துக் கரையில் போட்டார்கள். பூவும் விளக்கும் சிவப்பில் மிதந்து போயின. மேடையில் மைக் அணைந்துவிட்டது. பாலத்துக்குப் பக்கத்தில் காலி மூட்டையோடு நிற்கிற மனுஷனை ஊர் பார்த்தது.

அவர் ஓடவில்லை. முதல் கல் தோளில் பட்டது. இரண்டாவது நெற்றியில். சென்னியப்பனின் ஆட்கள் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து துறையில் தள்ளினார்கள். "எவங்கிட்டக் காசு வாங்குன?" என்று கேட்டுக் கேட்டு அறைந்தார்கள். விஷம் என்று அவர் கத்தினார். "அதுதான் நீ கொட்டிட்டயேடா," என்றான் ஒருத்தன். அதற்கு என்ன பதில் சொல்வது?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மயிலாத்தாள் வந்தாள். இடுப்பில் பித்தளைக் குடம் இருந்தது. சாயம் வருவதற்கு முன்னாலேயே மொண்டுவிட்ட தண்ணீர், தளும்பத் தளும்ப, வெயிலில் பளபளவென்று. குடத்தின் கழுத்தைச் சுற்றிய அவள் விரல் நகங்கள் முந்தாநாளைவிடக் கறுத்திருந்தன. மூச்சு வாங்கியது.

தெய்வசிகாமணிக்கு மற்ற எல்லாம் மறந்துபோனது. வாய்க்காலைச் சிவப்பாக்கலாம். இந்தக் குடத்தை என்ன செய்வது? ஊரில் மிச்சம் இருக்கிற கடைசி நல்ல தண்ணீர் என்று இதை வீட்டுக்குக் கொண்டுபோய் மூடி வைத்து ஒரு வாரம் குடிப்பாள். பிடுங்கலாம் என்றால் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். சொன்னால் நம்ப மாட்டாள். கெஞ்சினாலும் நம்ப மாட்டாள். அவளே ஆத்திரப்பட்டுக் கொட்டினால்தான் உண்டு.

"ஏண்டா இப்படிப் பண்ணுன?" என்றாள் அவள். கோபம் இல்லை, நிசமாகவே கேட்டாள். ஏதாவது ஒரு காரணம் சொன்னால் இன்னமும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிற குரல் அது.

அவருக்கு அதுதான் தாங்கவில்லை. இருந்தாலும் வாயைத் திறந்தார்.

"உன்ற பீத்தல் பொறுக்கலக்கா. தம்பி தண்ணி, தம்பி தண்ணின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே. தோப்பு கருகுனப்ப எம்மகள் கல்யாணத்துக்கு வந்தியா நீ? அன்னைக்குத் தூத்துன மண்ணுக்கு இது. உன்ற தோப்பு போனப்ப நான் சிரிச்சேன், தெரியுமா உனக்கு?"

மயிலாத்தாள், தான் தூக்கி வளர்த்த பிள்ளையின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் இடுப்பிலிருந்து குடத்தை எடுத்து, இரண்டு கையாலும் தூக்கி, அத்தனை தண்ணீரையும் அவர் முகத்தில் வீசினாள்.

"செத்தாலும் எம்மூஞ்சியில முழிக்காத. நானும் முழிக்க மாட்டேன்."

கண்ணுக்குள் தண்ணீர் போய் எரிந்தது. தெய்வசிகாமணி உதட்டை இறுக மூடிக்கொண்டு, இமையைத் திறந்து குடத்தைத்தான் பார்த்தார். அக்கா அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டபடி திரும்பி நடந்துகொண்டிருந்தாள். உள்ளே ஒரு சொட்டுகூட மிச்சமில்லை.